பாட்டிக்குப் பவுடர் பூசாதீர்கள்!

தனியாகச் சிரிப்பவர்களைப் பற்றி நம் வீடுகளில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதிலும் இரவு பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு புத்தகத்துடன், ஒரு பெண்பிள்ளை 'களுக்'கென்று சிரித்தாளானால் அடுத்த அறையிலிருந்து இருமல் சத்தம் கேட்கும். சென்ற மாதம் எனக்கு அந்தக் கதிதான். மூன்று தடவை இருமல் கேட்டது. நாலாவது தடவை மாமியார் எழுந்தே வந்துவிட்டார்.

"அப்படி என்னடியம்மா சிரிப்பு?"

"ஒரு பாட்டி கதை, அம்மா."

"வயதானவர்களைப் பார்த்தால் உங்களுக்கெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவரிடம் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் உங்களிடமும் சொல்லப் போகிறேன். காரணம் இருக்கிறது. இந்தக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவரப் போவதாக ஒன்றுக்கு இரண்டு அறிவிப்புகள் வந்திருக்கின்றன. அதில் எனக்குச் சந்தோஷம் ஒரு பங்கு; பயம் இரண்டு பங்கு.

கதைகளை எழுதியவர் டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கிலேயர். 1948-ல் பிறந்தவர். பதினேழு வயதில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் நிருபராகச் சேர்ந்தார். (நம்ம ஜாதி!) பிறகு, அணுமின் நிலையங்களை நடத்திய அரசாங்க மின்சார நிறுவனத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக இருந்தார். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று நிருபர்களுக்கு ஓயாமல் எடுத்துச் சொல்ல வேண்டிய உத்தியோகம். அப்படிப்பட்ட வேலை பார்த்தவருக்குக் கற்பனை கரைபுரண்டு ஓடியதில் ஆச்சரியமில்லை. 1983-ல் தட்டு உலகக் கதைகளில் முதலாவதை வெளியிட்டார். 1987-ல் உத்தியோகத்தை விட்டார். 2015 வரையில் மொத்தம் 41 நாவல்கள்.

அதென்ன தட்டு உலகம்? ஆகாச வெளியில் பிரம்மாண்டமான ஆமை ஒன்று நீந்திப் போகிறது. ஆமையின் முதுகில் நாலு யானைகள். யானைகளின் முதுகில், சாப்பாட்டுத் தட்டைப் போல் தட்டையாக ஓர் உலகம். அந்த உலகத்தில் மந்திரவாதிகள், குள்ளர்கள், காவல்காரர்கள், தபால்காரர்கள், கிழவிகள் எல்லாரும் நம்மைப் போலவே வாடகைக்கும் வம்புக்கும் நடுவில் காலம் தள்ளுகிறார்கள்.

மாமியார் இந்த இடத்தில் குறுக்கிட்டார். "எட்டுத் திக்குக்கும் எட்டு யானை ஆச்சே! மீதி நாலு எங்கே?"

அஷ்டதிக்கஜங்களையும் கூர்மாவதாரத்தையும் கேட்டு வளர்ந்தவர்களை ஒரு வெள்ளைக்காரர் ஆமையைக் காட்டி அசத்திவிட முடியாது. நானும் விடவில்லை. ஆதியில் ஐந்தாவது யானை ஒன்று இருந்ததாகவும், அது கால் தவறி உலகத்தின் மேலேயே வந்து விழுந்ததாகவும், அதன் கொழுப்பை மலைநாட்டில் இன்றும் சுரங்கம் வெட்டி எடுப்பதாகவும் 1999-ல் வந்த புத்தகத்தில் ஒரு ஐதீகம் சொல்லப்படுகிறது என்றேன். "சரி, அஞ்சு ஆச்சு" என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

படம் போடும் பத்திரிகையில் இருப்பதால் ஒரு சமாசாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் புத்தகத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வரும் பிரயாணி ஒருவர் உண்டு. அவருக்கு நாலு கண் என்று எழுதியிருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று அர்த்தம். நம் பள்ளிக்கூடப் பையன்கள் 'சோடாபுட்டி' என்று கேலி செய்வதில்லையா, அந்த ரகம். அட்டைப்படம் வரைந்த ஜாஷ் கிர்பி என்ன செய்தார் தெரியுமா? நிஜமாகவே அவர் முகத்தில் நாலு கண்களை வரைந்துவிட்டார்! எங்கள் ஓவியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கதை எழுதுகிறவர்கள் தெளிவாக எழுதினால் என்னவாம்?" என்றார்.

பிராட்செட்டின் ஹாஸ்யத்தில் பாதி, பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு மேலே சின்ன நட்சத்திரம் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. கதையை நிறுத்திவிட்டுக் கீழே போய் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, மேலே வந்து விட்ட இடத்தைத் தேட வேண்டும். இன்னொரு வேடிக்கை, அங்கே வரும் காலதேவன். அவன் ஓர் எலும்புக்கூடு. வெள்ளைக் குதிரையில் வருவான். பூனைகளிடம் கொள்ளைப் பிரியம். அவன் பேசுவதெல்லாம் மேற்கோள் குறி இல்லாமல் பெரிய எழுத்திலேயே அச்சாகியிருக்கும். ஆங்கிலத்தில் இது சுலபம். நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாதே! தமிழாக்கம் செய்கிறவர் காலதேவனை எப்படிப் பேச வைப்பாரோ, அவர் பாடு.

போகட்டும், பாட்டிகளிடம் வருவோம். என்னைச் சிரிக்க வைத்தவர்கள் அவர்கள்தான்.

தட்டு உலகத்தில் மந்திரம் தெரிந்த ஆண்களுக்கு ஒரு பெரிய சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே அவர்கள் வேளைக்கு வேளை வயிறு புடைக்கச் சாப்பிடுகிறார்கள். மந்திரம் தெரிந்த பெண்களோ கிராமத்தில் இருக்கிறார்கள். பிரசவம் பார்ப்பது, படுத்துக் கிடக்கும் கிழவனாருக்குக் கால் நகம் வெட்டிவிடுவது, செத்தவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்துவது - இவைதான் அவர்களுக்குச் சூனியக்காரி உத்தியோகம். கதைகளில் மந்திரவாதி என்றால் ஞானி, சூனியக்காரி என்றால் பொல்லாதவள் என்று ஏன் எழுதி வருகிறார்கள் என்று பிராட்செட் 1985-லேயே ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். பேசியதோடு விடவில்லை. 1987-ல் ஒரு புத்தகம் எழுதினார். சாகப் போகும் மந்திரவாதி ஒருவர், பிறந்த குழந்தையிடம் தம் கோலை ஒப்படைக்கிறார். ஆண் குழந்தைதான் என்ற நிச்சயம் அவருக்கு. துணியை விலக்கிப் பார்த்தால் பெண்! அந்தக் குழந்தைக்குத் துணை நிற்கும் கிழவிதான் வெதர்வாக்ஸ் பாட்டி.

இந்தப் பாட்டியைப் பற்றி என்ன சொல்ல! கல்யாணம் செய்துகொள்ளாதவள். விறைப்பான முதுகு. கூரான தொப்பி. வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் குப்பியில் வெறும் வர்ணத் தண்ணீர் கொடுப்பாள். அவள் பார்க்கிற பார்வையிலேயே பாதி வியாதி ஓடிவிடும். மந்திரத்தைவிட மனுஷர்கள் மண்டைக்குள் ஓடுவதை அறிந்திருப்பதே பெரிது என்பது அவள் சித்தாந்தம். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனக்குறை. அது என்ன தெரியுமா? அந்த உத்தியோகத்துக்கு லட்சணமாக முகத்தில் ஒரு மருவாவது வேண்டாமா? வரவே இல்லை! எத்தனை வயதானாலும் சருமம் பளபளவென்று இருக்கிறது, பல்லும் விழவில்லை. இதற்காக வருத்தப்படும் ஒரு பெண்பிள்ளையை நான் வேறெந்தக் கதையிலும் சந்தித்ததில்லை. முகப்பவுடர் விளம்பரம் வரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இந்தக் கட்டுரை அச்சானால் ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும்.

வெதர்வாக்ஸ் பாட்டி தன் உடம்பைப் படுக்கையில் விட்டுவிட்டு, மனத்தை மட்டும் ஒரு பருந்துக்குள்ளோ ஆந்தைக்குள்ளோ அனுப்பி ஊரைச் சுற்றி வருவாள். அந்த நேரத்தில் உடம்பு கட்டையாகக் கிடக்கும். யாராவது வந்து பார்த்துப் பதறிப் பாடை கட்டிவிட்டால்? அதற்காகக் கையில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு படுப்பாள். 'நான் இன்னும் சாகவில்லை' என்ற பொருளில், எழுத்துப் பிழையோடு அதில் எழுதியிருக்கும். நான் 'களுக்'கென்று சிரித்தது இந்த இடத்தில்தான்.

மாமியார் சிரிக்கவில்லை. "விவரமானவள்" என்றார்.

பாட்டியின் சிநேகிதி நானி ஆக் நேர் எதிரிடை. மூன்று கல்யாணம், பதினைந்து பிள்ளைகள். வாயில் ஒரே பல். கூடவே பொல்லாத பூனை. குடித்தால் பாட்டு வரும். அந்தப் பாட்டைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஊருக்கெல்லாம் இனியவள், சொந்தப் பிள்ளைகளுக்குச் செல்ல அம்மா. ஆனால் மருமகள்கள் என்று வந்துவிட்டால் மட்டும் மகாராணி. அவள் வீட்டைத் துடைத்துப் பெருக்கிப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அவர்களுடைய பெயர்களைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள அவள் சிரமப்படுவதில்லை.

இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போயிற்று. மாமியார் யோசித்தார். "பெயர் தெரியாவிட்டால் எப்படிக் கூப்பிட்டு வேலை வாங்குகிறாளாம்?" என்று கேட்டார். உண்மையான சந்தேகம். பிராட்செட்டுக்கு இது தோன்றியிருக்காது.

சின்னப் பெண்களுக்கும் ஒரு கதாநாயகி இருக்கிறாள். 2003-ல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்' என்ற புத்தகத்தில் வரும் டிபனி. (டிபன் அல்ல, ஆனால் பாலாடைக்கட்டி செய்வதில் கெட்டிக்காரி.) ஒன்பது வயது. ஆட்டு மந்தை வைத்திருக்கும் குடும்பம். ஒரு நாள் ஆற்றிலிருந்து ஒரு பூதம் தலையை நீட்டுகிறது. வேறு குழந்தையாக இருந்தால் அலறியிருக்கும். டிபனி வீட்டுக்கு ஓடிப்போய்க் கதைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். அந்தப் பூதத்தின் கண்கள் சூப்புத் தட்டு அளவு இருக்கும் என்று போட்டிருக்கிறது. உடனே ஒரு சூப்புத் தட்டை எடுத்து அளந்து பார்க்கிறாள். 8 அங்குலம். சரிதான் என்று திருப்தியடைந்து, தம்பியை ஆற்றங்கரையில் மிட்டாயோடு உட்கார வைத்துவிட்டு, அவனைப் பிடிக்க வந்த பூதத்தின் மண்டையில் இரும்பு வாணலியால் ஒரே போடு!

தம்பியைத் தூண்டில் புழுவாக வைத்தாளே என்கிறீர்களா? பிற்பாடு அதே தம்பியை மோகினி ராணி ஒருத்தி தூக்கிப் போனபோது, அதே வாணலியோடு தேடிப் போகிறவளும் அவள்தான். துணைக்கு, ஆறு அங்குல உயரமுள்ள நீலநிறக் குட்டி மனிதர்கள். பூதம் பிசாசு எதற்கும் அஞ்சாத திருட்டுப் பயல்கள். வக்கீல் என்றால் மட்டும் நடுங்குவார்கள்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு முள் இருக்கிறது. டிபனியின் ஊரில் ஒரு கிழவி தனியாக வாழ்ந்தாள். பல் இல்லை, தனக்குத் தானே பேசிக்கொள்வாள். ஊரில் ஒரு பையன் காணாமல் போனதும், 'இவள்தான் சூனியக்காரி, இவள்தான் ஏதோ செய்துவிட்டாள்' என்று ஜனங்கள் அவள் குடிசையை இடித்துத் தள்ளினார்கள். யாரும் இடம் கொடுக்கவில்லை. பனிக்காலத்தில் பனியில் கிடந்து செத்துப் போனாள். டிபனி போய்க் கிழவியின் அடுப்பைப் பார்க்கிறாள். அதில் ஓர் ஆளை வைக்க முடியாது. அத்தனை சின்ன அடுப்பு. தான் சூனியக்காரியாகப் போவதென்று அந்தப் பெண் முடிவு செய்வதற்கு இதுதான் காரணம். இனி ஒரு கிழவிக்கு இப்படி நடக்கக் கூடாது என்று.

கதை சொல்லிக்கொண்டு வந்த எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைத்தது. மாமியார் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இனிமேல் சினிமாவுக்கு வருவோம். டிபனி கதையைப் படமாக்கப் போவதாகவும், பிராட்செட்டின் மகள் ரியானாவே திரைக்கதை எழுதுவதாகவும் 2016-ல் செய்தி வந்தது. பிறகு 2020-ல், பிராட்செட்டின் படைப்புகளைப் படமாக்கும் உரிமையைக் கவனிக்கும் நாரேட்டிவியா என்ற ஸ்தாபனம், வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து, மூலக்கதைக்கு முற்றிலும் உண்மையான டெலிவிஷன் தொடர்கள் எடுப்போம் என்று அறிவித்தது. 'முற்றிலும் உண்மையாக' என்று அழுத்திச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன வந்தது? வந்திருக்கிறது.

பிராட்செட் இருந்தவரை ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பார். காலதேவன் ஒரு பையனை வேலை பழக்குவதற்காகச் சேர்த்துக்கொள்ளும் 'மார்ட்' என்ற நாவலைப் படமாக்கப் பேச்சு நடந்ததாம். எல்லாம் கூடிவந்த சமயத்தில் அமெரிக்கப் பங்காளிகள் சொன்னார்களாம்: "கதை அபாரம். ஆனால் அந்த எலும்புக்கூடு ஆசாமி மனத்துக்குச் சங்கடமாக இருக்கிறான். அவனை எடுத்துவிடலாமா?"

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எமன் இல்லாமல் சாவித்திரி கதையா?"

அதேதான்! அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை என்பது நமக்கு அதிர்ஷ்டம்.

இன்னொன்றில் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. 1989-ல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலில் சிபில் சீமாட்டி என்று ஒருத்தி வருகிறாள். ஆஜானுபாகுவான, பருத்த சரீரம். நடுத்தர வயதுக்காரி. சீக்குப் பிடித்த குட்டி டிராகன்களை வளர்க்கிறாள். அவை தும்மித் தும்மித் தலைமுடி பொசுங்கி, டோப்பா வைத்துக்கொண்டிருக்கிறாள். குடித்துக் கெட்ட ஒரு போலீஸ் அதிகாரி அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவன் விழுந்தது அழகுக்கு அல்ல. அவளுடைய தைரியத்துக்கும் நல்ல மனசுக்கும். பருத்த பெண்பிள்ளை என்றால் கேலிக்குத்தான் என்று இருக்கும் உலகத்தில் எத்தனை அருமையான ஜோடி! 2021-ல் இந்தக் கதைகளை ஒட்டி 'தி வாட்ச்' என்று ஒரு தொடர் வந்தது. சிபில் சீமாட்டி அதில் ஒல்லியான இளம் வீராங்கனை. சண்டையெல்லாம் போடுகிறாள். நடித்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் சிபில் எங்கே? தம் தகப்பனாரின் கதைக்கும் இந்தத் தொடருக்கும் ரத்த பந்தமே இல்லை என்று ரியானாவே சொல்லிவிட்டார்.

எலும்புக்கூட்டை நீக்கச் சொன்னவர்களும், சிபிலை இளைக்க வைத்தவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயந்துபோய், கதையின் உயிர் எதுவோ அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். 2006-ல் 'ஹாக்ஃபாதர்' கதையை டெலிவிஷனில் இரண்டு பகுதிகளாக எடுத்தார்கள். காலதேவன் அச்சாக வந்திருந்தான். பிராட்செட்டே பொம்மைக் கடைக்காரராக ஒரு காட்சியில் தலைகாட்டினார். 2022-ல் பேசும் பூனை ஒன்றின் கதை கார்ட்டூன் படமாக வந்தது. பாட்டிகள் பாட்டிகளாகவே வந்ததும் ஒரு கார்ட்டூனில்தான். 1997-ல் 'வேர்டு சிஸ்டர்ஸ்' கதையை ஆறு பகுதிகளாக எடுத்தார்கள். அன்னெட் கிராஸ்பியும் ஜூன் விட்ஃபீல்டும் இரண்டு கிழவிகளுக்கும் குரல் கொடுத்தார்கள். படம் கொஞ்சம் விறைப்புத்தான். ஆனால் சுருக்கம் சுருக்கமாகவும், மூக்கு மூக்காகவும் இருந்தது. வரைந்த கிழவிக்கு மேக்கப்காரர் கிடையாது பாருங்கள்!

அடிக்குறிப்பு நட்சத்திரங்கள் திரையில் காணாமல் போகும். அது போனால் போகட்டும். பெரிய எழுத்து, கனத்த குரலாக மாறும். அதையும் ஏற்றுக்கொள்கிறேன். தொடர்கதை படித்துவிட்டுப் படம் பார்த்தவர்கள் எல்லாரும் பழகிக்கொண்ட நஷ்டங்கள்தாம் இவை. ஆனால் வெதர்வாக்ஸ் பாட்டியை நாற்பது வயது அழகியாக ஆக்கினால், நானி ஆக்குக்கு முப்பத்திரண்டு பல்லையும் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

இதை மாமியாரிடம் கேட்டேன். அவர் பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நம்ம படத்தில் கிழவி வந்தால் என்ன செய்வாள்? ஒன்று கொடுமை பண்ணுவாள், இல்லாவிட்டால் இருமிக்கொண்டே செத்துப் போவாள். கதைக்கு நடுவில் நின்று நாலு பேருக்கு உத்தரவு போடுகிற கிழவியை எவன் படம் எடுப்பான்?"

பிராட்செட்டின் கடைசி வருஷங்கள் கஷ்டமானவை. ஞாபகசக்தியைத் தின்னும் அல்சைமர் நோயில் அபூர்வமான வகை ஒன்று தமக்கு வந்திருப்பதாக 2007 டிசம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். தட்டச்சு செய்ய முடியாமல் போயிற்று. வாயால் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். 2015 மார்ச் 12-ந் தேதி, 66-வது வயதில் காலமானார். அதே வருஷம் வெளிவந்த கடைசி நாவல் டிபனியைப் பற்றியது. இனி வேறு யாரும் தட்டு உலகக் கதை எழுதப் போவதில்லை என்று மகள் சொல்லிவிட்டார். முடிக்காமல் விட்டுப்போன கதைகள் இருந்த கம்ப்யூட்டர் தகட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? அவருடைய விருப்பப்படியே, 2017-ல் ஒரு பழைய நீராவி ரோடு எஞ்சினை அதன் மேல் ஏற்றி நசுக்கினார்கள். செத்த பிறகும் ஹாஸ்யம் அவரை விடவில்லை. ஆகையால் புதிதாக இனி எது வந்தாலும் அது திரையில்தான் வர வேண்டும். நான் இவ்வளவு கவலைப்படுவது அதனால்தான்.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்த வாசகிகளுக்கு ஒரு யோசனை. முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அதில் அவர் இன்னும் கை பழகவில்லை. 'வேர்டு சிஸ்டர்ஸ்', இல்லாவிட்டால் 'தி வீ ஃப்ரீ மென்' - இரண்டில் ஒன்றை எடுங்கள். வீட்டில் எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை இருந்தால் இரண்டாவது. வாணலியை மட்டும் கொஞ்ச நாள் உயரமான அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் தமிழில் சொல்லிக்கொண்டே நான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. கடைசிப் புத்தகத்தில் வெதர்வாக்ஸ் பாட்டியின் கையிலிருக்கும் அட்டையில் வாசகம் மாறுகிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்னவென்று மாறுகிறது என்று மாமியார் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அதற்கு இன்னும் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. நேற்று இரவு அடுத்த அறையிலிருந்து இருமல் கேட்கவில்லை. "இன்றைக்கு எத்தனை பக்கம்?" என்று குரல்தான் வந்தது.